வெளிநாட்டுக் கல்யாணம்: ஜாதகம் பார்த்தாச்சு, காகிதம் பார்த்தீங்களா?

எங்கள் சிவகாசிப் பக்கம் ஒரு பெட்டி பட்டாசு லாரியில் ஏற வேண்டுமென்றால் சும்மா ஏறிவிடாது. பயர் ஆபீசுக்கு வெடிபொருள் லைசென்ஸ் இருக்க வேண்டும். சரக்குக்கு இன்வாய்ஸ் வேண்டும். இ-வே பில் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வண்டி வழியில் நின்றுவிடும். பி.காம். படிக்கிற எங்களுக்கு இதையெல்லாம் மூன்று வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதே ஊரில் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுக்கும்போது என்ன பேப்பர் கேட்கிறார்கள்? ஜாதகம். அப்புறம் சம்பளம் எவ்வளவு என்று ஒரு விசாரிப்பு. அவ்வளவுதான்!

இறுதியாண்டு வந்துவிட்டதால் என் தோழிகள் பலர் வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சிங்கப்பூர், மலேசியா, துபாய், அமெரிக்கா என்று வரன்கள் வருகின்றன. "கல்யாணத்தை இங்கே வைப்பதா, அங்கே வைப்பதா?" என்று மண்டப வாடகையையும் விமான டிக்கெட்டையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எங்கே வைத்தால் எந்தச் சட்டம் பொருந்தும் என்று மட்டும் யாரும் பேசுவதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் தாண்டும் கல்யாணத்தில் காகிதம் என்பது சடங்கெல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளும் ஃபார்மாலிட்டி அல்ல. அந்தப் பெண்ணின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. அதனால் அதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேச வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு கேள்விகள்

வெளிநாட்டில் நடக்கும் திருமணம் செல்லுமா செல்லாதா என்பதைப் பெரும்பாலான நாடுகள் இரண்டு கேள்விகளை வைத்து முடிவு செய்கின்றன.

முதல் கேள்வி, திருமணம் எப்படி நடந்தது? இதற்கு அந்த நாட்டுச் சட்டம்தான் அளவுகோல். எத்தனை நாள் முன்பு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், யார் நடத்தி வைக்க வேண்டும், எத்தனை சாட்சி, எங்கே பதிவு என்பதெல்லாம் இதில் வரும்.

இரண்டாவது கேள்வி, இந்த இருவருக்கும் திருமணம் செய்துகொள்ளத் தகுதி உண்டா? வயது, ஏற்கெனவே மணமானவரா, இருவருக்கும் என்ன உறவு ஆகியவை இதில் வரும். இங்கே நம் ஊர்ச் சட்டமும் கூடவே வரும். இந்து திருமணச் சட்டம் 1955, இந்தியாவை நிரந்தர இருப்பிடமாகக் கொண்ட இந்துக்கள் வெளிநாட்டில் இருந்தாலும் அவர்களுக்குப் பொருந்தும் என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. அங்கே போய்விட்டோம், இங்கத்திய சட்டம் நம்மை ஒன்றும் செய்யாது என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு.

இந்த இரண்டில் எது தவறினாலும் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெண்தான். ஏனென்றால் வேலை அவனுடையது, விசா அவனுடையது, வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில். அவளிடம் இருப்பது "இவருடைய மனைவி" என்கிற ஒரே தகுதி. அதற்கும் ஆதாரம் இல்லையென்றால் அந்த நாட்டில் அவள் யார்?

ஒரு தீர்ப்பும் ஒரு பதினாறு வயதுப் பெண்ணும்

இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். நூறு வருடத்துக்கு முன்பே தமிழர்கள் இதற்காகச் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

1913 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த ஒரு பெண்ணை நாட்டுக்குள் விட மறுத்த வழக்கு அது. பலதாரத்தை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த திருமணத்தை அந்த நாட்டுச் சட்டம் திருமணமாக ஏற்காது என்பது தீர்ப்பின் சாரம். அதாவது, அங்கே இருந்த இந்து, முஸ்லிம், பார்சி மனைவிகள் எல்லோரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி என்ற இடத்தை இழந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குறியானது.

அதுவரை காந்தியின் சத்தியாக்கிரகத்தில் ஆண்கள்தான் சிறை சென்றார்கள். இந்தத் தீர்ப்புக்குப் பிறகு பெண்கள் இறங்கினார்கள். கஸ்தூரிபா சிறை சென்றார். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார்கள். 3 பவுண்டு தலைவரியோடு இந்தத் திருமணப் பிரச்சினையும் அந்தப் போராட்டத்தின் முக்கியமான கோரிக்கை. அதில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்துபோனவர்தான் தில்லையாடி வள்ளியம்மை. பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்போம். ஆனால் அவர் போராடிய கோரிக்கைகளில் ஒன்று "எங்கள் கல்யாணம் செல்லும் என்று எழுதிக் கொடு" என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

1914 ஜூலையில் வந்த இந்திய நிவாரணச் சட்டம், ஒரே மனைவி என்ற அளவில் அந்தத் திருமணங்களை ஏற்றுக்கொண்டது. அன்று சிறைக்குப் போய் வாங்கிய உரிமை. இன்று இங்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக நமக்குச் சோம்பல்!

வெள்ளைக்காரன் மட்டும்தானா?

சியர்ல் தீர்ப்பைப் படித்ததும் கோபம் வருகிறது, இல்லையா? ஆனால் நம் சட்டமும் நம் திருமணங்களை இப்படிச் செல்லாது என்று சொன்னதுண்டு. அந்தக் கதை எங்கள் மாவட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்று ஒரு கிராமம். 1928 மே 28 அன்று அங்கே பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் ஒரு திருமணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அதே முறையில் ஆயிரக்கணக்கான திருமணங்கள் நடந்தன. ஊர் ஏற்றுக்கொண்டது. ஆனால் 1953ல் அப்படி நடந்த ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அண்ணா முதல்வரான பிறகு 1967ல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைத் தமிழ்நாட்டுக்கென்று சேர்த்தார்கள். உறவினர், நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும் என்று அது சொன்னது. முன்பு நடந்தவையும் செல்லும் என்று சேர்த்துச் சொன்னது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சுக்கிலநத்தம் கல்யாணத்திலிருந்து எண்ணினால் நாற்பது வருடம்!

இதில் எனக்குப் புரிந்தது ஒன்று. ஊர் சாட்சி வேறு, சட்ட சாட்சி வேறு. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. உள்ளூரிலேயே இந்த நிலைமை என்றால் வெளிநாட்டில் கேட்கவே வேண்டாம்.

எந்த நாட்டில் என்ன கேட்பார்கள்?

சரி, இன்றைய நிலவரத்துக்கு வருவோம். நம் மக்கள் அதிகம் போகும் சில நாடுகளை மட்டும் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் 1961ல் வந்த மாதர் சாசனச் சட்டம்தான் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு அடிப்படை. ஒருவனுக்கு ஒருத்தி, கட்டாயப் பதிவு, 21 நாள் முன்னறிவிப்பு. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. இன்னொன்று நம் பையன்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. வொர்க் பெர்மிட்டில் வேலை பார்ப்பவர் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால் மனிதவள அமைச்சின் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் வேறு நாட்டில் போய்க் கட்டிக்கொண்டாலும் அது விதிமீறல்தான்.

மலேசியாவில் ஒரு காலத்தில் இந்து வழக்கப்படி நடந்த திருமணமே போதும் என்று இருந்தது. 1976ல் இயற்றிய திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் அந்தச் சட்டப்படி பதிவாளர் முன் நடந்தால்தான் திருமணம்.

இங்கிலாந்தில் முன்கூட்டியே பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் அதை 70 நாள் வரை நீட்டிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பதினைந்து நாள் லீவில் போய்க் கல்யாணத்தை முடித்துவிட்டு வரலாம் என்பது அங்கே நடக்காத காரியம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சிவில் திருமணச் சட்டம் நாடு முழுவதற்குமாக 2023 பிப்ரவரி 1 முதல் வந்தது.

இலங்கையையும் சொல்ல வேண்டும். அங்குள்ளவர்களை வெளிநாட்டவர் மணப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று 2022 ஜனவரி 1 முதல் விதி கொண்டுவந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொந்தம் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த நாடுகளில் பல, "இவர் மணமாகாதவர்" என்று ஒரு சான்று கேட்கும். தமிழ்நாட்டில் திருமணமாகாதவர் சான்றிதழை இ-சேவை மையம் மூலம் வருவாய்த் துறையிடம் விண்ணப்பித்து வாங்கலாம். நூற்றுக்கணக்கில் செலவாகும் காரியம்கூட இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. நம் நாடாளுமன்றம் 1969ல் அயல்நாட்டுத் திருமணச் சட்டம் என்று ஒன்றை இயற்றியிருக்கிறது. மணமக்களில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால், வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் திருமண அதிகாரி முன்பு திருமணம் செய்துகொள்ளலாம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது. ஒருவராவது அந்தப் பகுதியில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டி ஆட்சேபணைக்கு 30 நாள் விடுவார்கள். மூன்று சாட்சிகள் வேண்டும். அந்த நாட்டுச் சட்டப்படி ஏற்கெனவே நடந்த திருமணத்தையும் இங்கே பதிவு செய்துகொள்ளலாம்.

மாமன் மகள் விவகாரம்

நம் பக்கத்துக் குடும்பங்களில் மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்கா மகளையும் கட்டுவது சர்வ சாதாரணம். வழக்கம் இருந்தால் இந்து திருமணச் சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் எல்லா நாடும் அப்படியில்லை.

மலேசியச் சட்டம், இந்துக்கள் அக்கா தங்கை மகளை மணக்கலாம் என்று தனி விதிவிலக்கே எழுதி வைத்திருக்கிறது. தமிழர்களை மனதில் வைத்து எழுதியது என்றுதான் நினைக்கிறேன். இங்கிலாந்தில் மாமன் மகளைக் கட்டலாம். ஆனால் அங்கே தாய்மாமன் அக்கா மகளைக் கட்ட முடியாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்ஸாஸ் மாநிலம் 2005ல் மாமன், அத்தை, சித்தப்பா பிள்ளைகளுக்கிடையிலான திருமணத்தைத் தடை செய்தது. முறைப்பெண்தானே, இதில் என்ன பேப்பர் என்று நினைக்கிற குடும்பம்தான் இந்த இடத்தில் அதிகம் விசாரிக்க வேண்டும்.

இங்கே கட்டி அங்கே போவது

"எதுக்கு வம்பு? இங்கேயே கல்யாணத்தை முடித்து அனுப்பிவிடுவோம்" என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதிலும் பாதிக் கிணறுதான் தாண்டுகிறார்கள்.

2006ல் உச்ச நீதிமன்றம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த மதம் என்றாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். மாப்பிள்ளை இருபது நாள் லீவில் வருகிறார். மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் என்று நாள் போய்விடுகிறது. "அடுத்த தடவை வரும்போது பதிவு பண்ணிக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறார். அந்த அடுத்த தடவை எப்போது? அதுவரை மனைவி விசாவுக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாது.

சான்றிதழ் வாங்கினாலும் அப்படியே கொண்டுபோக முடியாது. அதற்கு அப்போஸ்டில் என்ற முத்திரை வேண்டும். இந்தியா அந்த உடன்படிக்கையில் 2005லும் சிங்கப்பூர் 2021லும் சேர்ந்தன. சேராத நாடுகளுக்குத் தூதரக அத்தாட்சி தனியாக வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், கல்யாணப் பத்திரிகையில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்றிருந்தால் அலைச்சல்தான். சிவகாசியில் அச்சாகிற பத்திரிகையைத் தங்க எழுத்து, வெல்வெட் அட்டை என்று பார்த்துப் பார்த்து அடிக்கிறோம். திருமணப் பதிவின்போது அந்தப் பத்திரிகையும் ஒரு ஆவணம். தங்க எழுத்தை விடப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் அங்கே முக்கியம்.

லீவு முடிந்து போய்விட்டவர்களுக்கு மதுரையில் ஒரு கதவு திறந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண் ஒருவரும் அமெரிக்காவில் இருக்கும் ஒருவரும் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க விண்ணப்பித்து, நோட்டீஸ் காலம் முடிந்தும் பதிவு நடக்காமல், அவர் அமெரிக்கா திரும்ப வேண்டியதாயிற்று. 2022 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மூன்று சாட்சிகள் முன்னிலையில் வீடியோ மூலமாகவே திருமணத்தை நடத்திக்கொள்ள அனுமதித்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு ஒரு பெண் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

"காகிதத்தை நம்பியா கல்யாணம்?"

பெரியவர்கள் கேட்பார்கள்: "நம்பிக்கையில்லாமல் பேப்பர் கேட்டால் சம்பந்தம் நிலைக்குமா?" இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. காகிதம் மட்டும் இருந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. சில குடும்பங்கள் விசாவுக்காக முன்கூட்டியே பதிவை மட்டும் செய்துவிட்டுச் சடங்கைத் தள்ளிப்போடுகின்றன. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. இந்து திருமணச் சட்டப்படி சடங்கு நடக்காமல் வெறும் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது திருமணம் ஆகாது என்று சொல்லிவிட்டது. நாளைக்குச் சம்பந்தம் முறிந்தால் அந்தப் பெண் மணமானவளா, ஆகாதவளா? இரண்டுங்கெட்டான் நிலைமை. ஆக, சடங்கும் வேண்டும், காகிதமும் வேண்டும்.

நம்பிக்கை என்று மட்டும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய உதாரணம் இருக்கிறது. 1975ல் திருப்பதியில் நடந்த ஒரு திருமணத்தை அமெரிக்காவின் மிசௌரி மாநில நீதிமன்றத்தில் போய் ரத்து செய்துகொண்டு வந்தார் ஒரு கணவர். அந்த விவாகரத்து இங்கே செல்லாது என்று 1991ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மனைவிக்கு வழக்காட வசதி இருந்தது. எல்லோருக்கும் இருக்குமா?

வெளிநாட்டுவாழ் இந்தியர் திருமணத்தை 30 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்லும் மசோதாவை 2019 பிப்ரவரியில் சுஷ்மா சுவராஜ் மாநிலங்களவையில் கொண்டுவந்தார். பதிவு செய்யாவிட்டால் பாஸ்போர்ட்டை முடக்கலாம் என்றும் அதில் இருந்தது. ஐந்து வருடம் கழித்து 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 287வது அறிக்கையில் விரிவான சட்டம் தேவை என்று மறுபடியும் சொன்னது. டெல்லி அதன் வேகத்தில் நடக்கட்டும். நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நான் சொல்வது இதுதான். நிச்சயதாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு ஒரு கவரும் இருக்கட்டும். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் நகல், விசா எந்த வகை என்ற விவரம், மணமாகாதவர் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் தேதி ஆகிய நான்கும் அதற்குள் இருக்க வேண்டும். பெண் வீட்டாரும் தங்கள் பக்கத்துக் காகிதத்தை அதே மாதிரி கொடுக்கட்டும். அப்போது யாரும் யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது, முறை செய்ததாகவே ஆகும். சீர்வரிசை எத்தனை தட்டு என்று எண்ணுகிற ஊருக்கு இன்னும் ஒரு கவர் பாரமா என்ன?

முதலில் கேட்க வேண்டியவர்கள் மாமாவோ சித்தப்பாவோ அல்ல, கல்யாணம் ஆகப்போகிற பெண்தான். தோழிகளே, வாய் திறந்து கேளுங்கள். பட்டாசுப் பெட்டிக்கு இருக்கிற பாதுகாப்பாவது நமக்கும் இருக்கட்டும்.